எப்சிபா மூட்டிய நெருப்பு

மாட்டு வண்டி கடைசி மேட்டை ஏறி நின்றபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கீழே ஆற்றங்கரையில் ஏழெட்டு வீடுகள், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை போல் தள்ளித் தள்ளி நின்றன. ஓபேத் வைட்டிங் கையிலிருந்த கம்பை நீட்டி, காட்டோரமாக இருந்த ஒன்றைக் காட்டினான். மழையிலும் பனியிலும் கறுத்துப்போன பலகை வீடு. நடுவில் தடித்த கல் புகைபோக்கி. அதிலிருந்து புகை நிதானமாக மேலே போய்க்கொண்டிருந்தது.

தாமரிஸ் அந்தப் புகையையே பார்த்தாள். போஸ்டனில் கல்யாணம் முடித்து அவர்கள் கிளம்பியே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது.

"வீட்ல யாரும் இல்லைன்னுதானே சொன்னீங்க? அடுப்பு எரியுதே."

"பக்கத்துப் பண்ணை கெசியா வந்து பார்த்துக்கிறாங்க," என்றான் ஓபேத். மாடுகளைத் தட்டி ஓட்டிவிட்டுத்தான் மீதியைச் சொன்னான். "அந்த நெருப்பை நாங்க அணைய விடுறதில்ல."

நாங்க என்றானே, அது யார் யார் என்று அவளுக்குப் புரிந்தது. மூத்த தாரம் எப்சிபா போன வசந்தத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். ஓபேத் அறுவடை முடிந்த கையோடு மறுகல்யாணம் செய்துகொண்டதற்கு அந்தக் கரையில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பெண்பிள்ளை இல்லாத பண்ணை ஒரு குளிர்காலம் தாங்காது என்பது எல்லாருக்கும் தெரியும். தாமரிஸும் ஒன்றும் காதலில் விழுந்து வரவில்லை. துறைமுகத்துச் சந்தில், அண்ணன் வீட்டு மாடியில், அண்ணியின் வாய்க்குப் பயந்து தொப்பி தைத்தே இளமை கழிந்தவள் அவள். தனக்கென்று ஓர் அடுப்பு வேண்டும், அதில் தான் வைத்ததே சட்டமாக இருக்க வேண்டும். அவளுடைய ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

வாசலிலேயே கெசியா நின்றிருந்தாள். நல்ல தாட்டியான உடம்பு, கையில் சாம்பல் அள்ளும் கரண்டி.

"வாடி பொண்ணே. பட்டணத்துக்காரி, கை எல்லாம் பூ மாதிரி இருக்கு. போகட்டும், ரெண்டு மாசத்துல காய்ச்சுப்போயிடும்." அவள் கரண்டியைத் தாமரிஸின் கையில் திணித்தாள். "ராத்திரி படுக்கப் போறதுக்கு முந்தி தணலைப் பின்னாடி ஒதுக்கி சாம்பலால மூடிடணும். காலைல கிளறினா உசுரோட இருக்கும். எப்சிபா கல்யாணமாகி வந்த அன்னிக்கு மூட்டினது. இன்னிவரைக்கும் அணைஞ்சதில்ல."

"இனிமே நான் பார்த்துக்கிறேன் அக்கா."

"பார்த்துக்க, பார்த்துக்க," என்றாள் கெசியா. ஆனால் அவள் கண் தாமரிஸைத் தாண்டி அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓர் ஆள் குனியாமல் உள்ளே நிற்கலாம், அவ்வளவு பெரிய கல் அடுப்பு. உள்ளே இரண்டு கட்டைகள் அமைதியாக எரிந்தன. ஓபேத் தொப்பியைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தான். அப்போது தாமரிஸ் முதல்முறையாக அதைக் கவனித்தாள். நேராக எரிந்துகொண்டிருந்த தீ, மெல்ல, அவன் இருந்த பக்கமாகச் சாய்ந்தது.

கதவிடுக்குக் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

நாள் போகப் போக அந்த வீடு அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. நூற்கும் ராட்டையின் முன்னால் இருந்த முக்காலி வேறொருத்தியின் உயரத்துக்குச் செய்தது. அதில் உட்கார்ந்தால் தாமரிஸின் முழங்கால் முகவாயில் இடிக்கும். ரொட்டி மாவு பிசையும் தொட்டியில் வேறொருத்தியின் விரல்கள் தேய்த்த பள்ளம். ஞாயிறன்று சபைக் கூடத்தில் அவள் போய் அமர்ந்த இடத்தைக்கூட, எப்சிபா இடம் என்றுதான் மற்ற பெண்கள் சொன்னார்கள். உயிரோடு இருக்கும் சக்களத்தியாக இருந்தால் கிணற்றடிச் சண்டை மாதிரி நாலு வார்த்தை கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். செத்தவளிடம் எங்கே போய்ச் சண்டை பிடிப்பது?

இதையெல்லாம்கூட அவள் விழுங்கிக்கொண்டாள். அடுப்பைத்தான் விழுங்க முடியவில்லை.

அந்த நெருப்பு அவளுக்குச் சூடு தரவில்லை.

கேட்டால் பைத்தியம் என்பார்கள். ஒரே பானையிலிருந்து ஓபேத்துக்கும் தனக்கும் மக்காச்சோளக் கஞ்சி ஊற்றுவாள். அவன் ஊதி ஊதிக் குடிப்பான். அவள் கிண்ணத்தில் அது ஆறி ஆடை கட்டியிருக்கும். எவ்வளவு நெருங்கி உட்கார்ந்தாலும் அவள் விரல்கள் நீலம் பாரித்தே இருந்தன. ரொட்டி வெளியே கருகி உள்ளே பச்சையாக வந்தது. இவள் விறகு வைத்தால் புகையும். ஓபேத் அதே விறகைத் தொட்டு நகர்த்தினால் பற்றிக்கொள்ளும்.

அவன் எங்கே உட்கார்ந்தாலும் தீ அந்தப் பக்கம் சாயும்.

அவள் ஒருநாள் வேண்டுமென்றே அவன் நாற்காலியை இடப்புறம் இழுத்துப் போட்டாள். கதவையும் சன்னலையும் துணி வைத்து அடைத்தாள். ஓபேத் தொழுவத்திலிருந்து வந்து இடப்புறம் உட்கார்ந்தான். தீ கொஞ்ச நேரம் வலப்புறத்தைத் தேடியது. பிறகு திரும்பியது.

கூடவே ஒரு வாசனை. கருகும் ஆப்பிள் தோலின் வாசனை, லேசான இனிப்போடு. அந்த வாரம் ஆப்பிளெல்லாம் கள்ளுக்குச் சாறு பிழிய அனுப்பியாகிவிட்டது. வீட்டில் ஒரு பழம் கிடையாது.

"இது என்ன வாசனை?" என்று கேட்டாள்.

ஓபேத்தின் முகம் இளகியது. அவளிடம் பேசும்போது ஒருநாளும் அப்படி இளகியதில்லை. "எப்சிபா சாயங்காலமானா ஆப்பிள் தோலை நெருப்புல போடுவா. வீடு மணக்கணும்னு. கல்லுல ஊறிப்போச்சு போல."

தாமரிஸ் பாத்திரம் தேய்க்க எழுந்துபோனாள். அன்றைக்கு அவள் மனம் புழுங்கிய புழுக்கத்தில் அந்த வீட்டையே கொளுத்தியிருப்பாள்.

குளிர் இறுகியது. ஆறு உறைந்தது. அவன் பேசுவதும் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. மாடுகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்ததும், அவள் பால் கடையும் அறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அடுப்பின் முன்னால் குனிந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லுவான். வேலி சரிந்தது, சிவப்புப் பசு ஈன்றது, ஆற்றில் பனிக்கட்டி எவ்வளவு கனம் என்பதெல்லாம். ஒரு புருஷன் பொண்டாட்டியிடம் சொல்லும் சங்கதிகள். கட்டிய பொண்டாட்டி அறைக்கு அந்தப் பக்கம் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள்.

"யார்கிட்ட பேசுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

அவன் மழுப்பவில்லை. "சாகும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நெருப்பை அணைய விடாதீங்க, அதுகிட்ட நடந்ததைச் சொல்லுங்க, எனக்குக் கேக்கும்னா. சரின்னேன். காய்ச்சல்ல கிடக்குறவகிட்ட வேற என்ன சொல்றது?"

"இப்ப அவ காய்ச்சல்ல கிடக்கலையே."

"பழகிப்போச்சு தாமரிஸ்."

தீ அவனுக்குப் பின்னால் ஒரு சாண் உயர்ந்து நின்றது. தாமரிஸ் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

தை பிறக்கும் சமயத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருப்பது உறுதியாயிற்று. எப்சிபாவுக்குப் பிள்ளையே இல்லை. அவள் கொடுக்காததைத் தான் கொடுக்கப்போகிறோம் என்ற நினைப்பில் தாமரிஸுக்குத் தலைகால் புரியவில்லை. அதை வீட்டுக்குள் சொல்லக்கூடாது என்று அவளுக்கு ஏனோ தோன்றியது. தொழுவத்துக்கே போய், பசுக்களின் மூச்சு ஆவியாக நின்ற இடத்தில், ஓபேத்தின் காதில் சொன்னாள். அவன் கையிலிருந்த வைக்கோலை அப்படியே போட்டுவிட்டு அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்தக் கைகள் சூடாக இருந்தன. அவ்வளவு மாதத்தில் அவள் உணர்ந்த முதல் சூடு.

சாயங்காலம் அவள் மாவு எடுக்க உள்ளறைக்குப் போய்த் திரும்பும்போது அவன் குரல் கேட்டது.

"எப்சிபா," என்றான் அவன், மெதுவாக. "நம்ம வீட்டுல குழந்தை வரப்போகுது."

நெருப்பு சத்தமே இல்லாமல் எரிந்தது. கட்டை வெடிக்கவில்லை. பொறி பறக்கவில்லை.

அது காது கொடுத்துக் கேட்டது.

தாமரிஸ் மாவுக் கிண்ணத்தை மார்போடு அணைத்தபடி இருட்டிலேயே நின்றாள். நம்ம வீடாம். என் வயிற்றில் இருப்பதை முதலில் அவளிடம் போய்ச் சொல்கிறானே! பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்றே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஓபேத் சோள மூட்டைகளைச் சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினான். பனி கனத்தால் அங்கேயே தங்கி வருவேன் என்றான். வண்டி மாடுகளின் மணியோசை மேட்டுக்கு அப்பால் ஓயும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கிணற்றடியில் வாளியை நிரப்பினாள்.

அடுப்பின் முன்னால் நின்றபோது தீ அவள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வாசலைப் பார்த்தே சாய்ந்திருந்தது, அவன் போன திசையை.

"இது என் வீடு," என்றாள் தாமரிஸ். "அவர் என் புருஷன். நீ போதும்."

வாளியைக் கவிழ்த்தாள்.

சீறும் என்று எதிர்பார்த்தாள். சீறவில்லை. யாரோ ஒருத்தி நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது போன்ற ஒரு சத்தம் கேட்டது. இழுத்த மூச்சு வெளியே வரவேயில்லை.

அவள் இன்னொரு வாளி ஊற்றினாள். மூன்றாவதும் ஊற்றினாள். சோப்புக் காய்ச்சச் சேர்த்து வைக்கும் சாம்பலைக்கூட ஒரு துளி மிச்சம் வைக்காமல் சுரண்டி, வெளியே கொண்டுபோய்ப் பனியில் வீசினாள். கல்லைக் கழுவித் துடைத்தாள். அப்புறம்தான், நிம்மதியாக, சிக்கிமுக்கிப் பெட்டியை எடுக்க அலமாரிக்குப் போனாள்.

அலமாரி காலியாக இருந்தது. ஓபேத் வழிக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். எரியாமல் ஒருநாளும் இருந்திராத அடுப்புக்கு இன்னொன்று எதற்கு? தாமரிஸ் தன் புத்தியை நொந்துகொண்டாள். வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் குடத்துத் தண்ணீரின் மேல் பனி ஏடு படிந்தது. நனைந்த அடுப்புக்கல்லில் பனித்தகடு மின்னியது. இப்படியே ஓர் இரவு போனால் காலையில் ஓபேத் இரண்டாவது பொண்டாட்டியையும் புதைக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

வேறு வழியில்லை. மூடி போட்ட இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் பனியில், பக்கத்துப் பண்ணைக்கு நடந்தாள். நெருப்புக் கடன் கேட்டு வருகிற குடும்பப் பெண்ணை அந்தக் கரையில் ஒரு மாதத்துக்கு வாயில் போட்டு மெல்லுவார்கள். மெல்லட்டும்.

கெசியா சட்டியைப் பார்த்தாள். அவள் ஈரப் பாவாடையைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

"அணைஞ்சிடுச்சா?"

"கண்ணசந்துட்டேன் அக்கா."

"கண்ணசந்தா பாவாடையில சாம்பத் தண்ணி எப்படிடி வரும்?" கெசியா தன் அடுப்பிலிருந்து தணலை இடுக்கியால் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். "நல்லவேளை, என்கிட்ட இருக்கு. மூடியைத் திறக்காம கொண்டு போ."

அந்தத் தணல் உடனே பற்றிக்கொண்டது. விறகு புகையவில்லை. தாமரிஸ் கையை நீட்டினாள். சூடு விரல் நுனியிலிருந்து தோள்வரை ஏறியது. அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதாள். கஞ்சி காய்ச்சி, நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்தாள். அந்தச் சூடு அவளுக்கு அமிர்தமாக இருந்தது.

ஓபேத் திரும்பியதும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் புது நெருப்பைப் பார்த்தான். அது எந்தப் பக்கமும் சாயவில்லை. நேராக நின்று எரிந்தது.

"குடுத்த வாக்கு போச்சு," என்றான் கடைசியில். கண்ணைப் புறங்கையால் துடைத்தான். பிறகு அவளைப் பார்த்தான், நெருப்பை அல்ல. "உனக்குக் குளிருதுன்னு நீ சொன்னப்பல்லாம் நான் கேக்கலையே."

"இப்ப குளிரலை," என்றாள் தாமரிஸ்.

அந்தக் குளிர்காலத்தின் மிச்சம் முழுக்க அவள் அந்த வீட்டின் ராணியாக இருந்தாள். ரொட்டி பொன்னிறமாக வந்தது. ஓபேத் முக்காலிக்குப் புதுக் கால் வைத்துக் கொடுத்தான். சாயங்காலங்களில் வேலியைப் பற்றியும் பசுவைப் பற்றியும் அவளிடம் பேசினான். ஆப்பிள் தோல் வாசனை ஒருநாளும் வரவில்லை. அவள் ஜெயித்துவிட்டாள்.

பனி உருகத் தொடங்கிய ஒரு பிற்பகல், ஓபேத் மேப்பிள் மரங்களில் சாறு இறக்கக் காட்டுக்குப் போயிருந்தான். கெசியா பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டை தைக்கத் துணியோடு வந்தாள். இரண்டு பேரும் அடுப்போரமாக உட்கார்ந்தார்கள்.

"இப்பதான் மூஞ்சில ரத்தம் தெரியுது உனக்கு," என்றாள் கெசியா. "வந்த புதுசுல, இவ இந்தக் குளிரைத் தாண்ட மாட்டான்னு நினைச்சேன்."

"அந்த நெருப்பு எனக்கு ஒத்துக்கலை அக்கா. உங்க நெருப்புதான் ஒத்துக்கிச்சு."

கெசியா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தாள். "என்னோடது என்னடி இருக்கு இதுல? நாங்க இங்க வந்து இறங்குன அன்னிக்கு ஒரே மழை. எப்சிபாதான் சட்டி நிறையத் தணலைத் தூக்கிட்டு வந்து என் அடுப்பை மூட்டிவிட்டா. எனக்கு மட்டுமா? இந்தக் கரையில ஒரு வீடு பாக்கி இல்ல. எல்லார் அடுப்பும் அவ கொடுத்ததுதான். உன் வீட்டுல அணைஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சதும் எனக்குப் பக்குனு ஆச்சு. ஆனா பாரு, அவகிட்ட வாங்குனதையே அவ வீட்டுக்குத் திருப்பிக் குடுக்க முடிஞ்சுது."

தாமரிஸின் ஊசி துணியிலேயே நின்றது.

கெசியா மூக்கை உறிஞ்சினாள். "என்னடி, பங்குனி மாசத்துல ஆப்பிள் எங்கேர்ந்து கிடைச்சுது? தோலை நெருப்புல போட்டிருக்கியா?"

"இல்லை," என்றாள் தாமரிஸ்.

அவளுக்கு அடுப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள்.

ஓபேத்தின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. தீ சாய்ந்திருந்தது.

அவள் பக்கமாக.

கெசியா விடைபெற்றதோ, போய்ச் சேர்ந்ததோ அவளுக்கு நினைவில்லை. எழுந்து அடுப்பின் மறுபக்கம் போய் நின்றாள். தீ நிதானமாகத் திரும்பி அவளைத் தேடி வந்தது. முதுகைக் காட்டி நின்றாள். உடனே சோர்ந்து தாழ்ந்தது. திரும்பினாள். நிமிர்ந்தது.

அவள் முகத்தின் உயரத்துக்கு அல்ல. அவள் வயிற்றின் உயரத்துக்கு.

விரல்களைப் பார்த்தாள். மறுபடி நீலம் பாரித்திருந்தன. கன்னம் மரத்துப்போயிருந்தது. பல் கிட்டித்தது. அவள் போர்வையைக்கூட எடுக்காமல் கதவைத் திறந்து வெளியே ஓடினாள். எங்கே போவது? கெசியா வீட்டுக்கா? அதற்கடுத்த வீட்டுக்கா?

முற்றத்தின் கடைசியில் நின்றாள். ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. அந்தக் காற்றில் புகையெல்லாம் காட்டுப் பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. கரை நெடுக, ஒவ்வொரு வீட்டின் புகைபோக்கியிலிருந்தும் கிளம்பிய புகை, காற்றை எதிர்த்து, தாழ வளைந்து, அவள் நின்ற பக்கமாக வந்துகொண்டிருந்தது.

பனி கணுக்கால்வரை இருந்தது. அவளுக்கு உடம்பு வெடவெடத்தது. தன்னையறியாமல் கையை வயிற்றில் வைத்தாள்.

அங்கே மட்டும் கதகதப்பாக இருந்தது.

உள்ளே குழந்தை முதல்முறையாக அசைந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் புரண்டு, அடுப்பு இருந்த பக்கமாகத் திரும்பி, அங்கேயே சாய்ந்து படுத்துக்கொண்டது.